தப்பு அவர் பக்கம்தான்

...எங்க வீட்டுக்காரர் ஒரு தடவதான்க்கா சொல்வாரு. ஒரே ஒரு தடவ. நான் அடுப்புல பால வச்சுட்டு, குழாயத் திறந்து விட்டுட்டு, பொண்ணுக்குத் தல பின்னிட்டு நிக்கறேன், அந்த நேரம் பாத்து ஹால்லேருந்து ஏதோ சொல்வாரு. காதுல விழுந்துச்சா, நான் 'ம்' கொட்டினேனா, அதெல்லாம் பாக்கறதே கிடையாது. சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிடுவாரு. சாயந்திரம் வந்து, 'காலைலயே சொன்னேனே'ன்னு நிப்பாரு. சொன்னாராம். செவுத்துக்கிட்ட சொன்னாரோ என்னவோ. ஐயோ, நீங்க பேசாதீங்க, பஞ்சு நழுவிடப் போகுது. நல்லா கடிச்சுக்கங்க. ரத்தம் நிக்கற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு அந்த நர்ஸம்மா சொல்லிச்சுல்ல? நீங்க சும்மா தலைய ஆட்டுங்க, போதும். நான் பேசறேன். பேசிட்டிருந்தாதான் எனக்கும் இந்தப் பல்வலி கொஞ்சம் மறக்குது.

எனக்குக் கடவாப்பல்லுக்கா. தூக்கத்துல நறநறன்னு கடிக்கறேனாம். அதுவும் அவருதான் சொன்னாரு, அதையும் ஒரு தடவதான் சொன்னாரு. போன தடவ டாக்டர் பாத்துட்டு, 'ஏம்மா, பல்லு விரிசல் விடற அளவுக்கு அப்படி என்ன கவலை'ன்னு கேட்டாரு. என்னத்தச் சொல்றது? ஒரு சிப்பு ஹேங் ஆகுது டாக்டர்னு சொன்னா அவருக்கு என்ன புரியும். 'ஆபீஸ்ல கொஞ்சம் வேலை'ன்னு சொல்லி வச்சேன். இன்னிக்குப் பிடுங்கறதாத்தான் ஏற்பாடு. பிடுங்கிட்டு நேரா ஆபீஸ். மத்தியானம் மீட்டிங். அந்த மீட்டிங்க நெனச்சாதான்... சரி, அத அப்புறம் சொல்றேன்.

நான் சிப்பு டிசைன் பண்றவக்கா. நகத்தளவுதான் இருக்கும், அதுக்குள்ள ஒரு ஊரே ஓடும். பெரிய பெரிய கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசும்போது நடுவுல உக்காந்து டேட்டாவக் கைமாத்தி விடற சிப்பு இது. அதுல பாதி எங்க வீட்டுக்காரர் பண்ணினது, பாதி நான் பண்ணினது. ஆமாக்கா, ஒரே ஆபீஸ், ஒரே சிப்பு. சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும். எங்க நாத்தனாரும் இப்படித்தான் சிரிப்பா. 'வீட்டுலயும் அந்த மூஞ்சி, ஆபீஸ்லயும் அந்த மூஞ்சி, எப்படி அண்ணி உங்களுக்குச் சலிக்கல'ம்பா. சலிக்காம என்ன. கல்யாணத்தப்ப இவரு வேற கம்பெனிக்கா. அப்புறம் அந்தக் கம்பெனிய எங்க கம்பெனி வாங்கிடுச்சு. மேசை நாற்காலியோட இவரும் சேந்து வந்துட்டாரு. நானா தேடிப் போனேன்?

சிப்புக்குள்ள ஒரு தாளம் உண்டு. கிளாக்குன்னு சொல்வோம். நீங்க கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள கோடிக்கணக்குல அடிச்சு முடிச்சிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் உள்ள இருக்கறதெல்லாம் ஒரு எட்டு நகரும், நடுவுல யாரும் அசையக் கூடாது. அதுவரைக்கும் சரி. கூத்து என்னன்னா, எல்லாப் பகுதிக்கும் ஒரே தாளம் கிடையாது. அவரு பண்ணின பகுதி வெளியிலேருந்து வர்ற டேட்டாவ வாங்கறது. அது என்ன வேகத்துல வருதோ அந்த வேகத்துல ஓடணும், தல தெறிக்க ஓடும். நான் பண்ணினது உள்பக்கம். அது நிதானமா ஓடும். ரெண்டு தாளத்துக்கும் சம்பந்தமே கிடையாது, எந்த ஜென்மத்துலயும் ஒத்துப் போகாது. எங்க ரெண்டு பேர மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

இப்ப அவர் பக்கத்துலேருந்து என் பக்கத்துக்கு ஒரு சேதி வரணும். 'டேட்டா ரெடி, எடுத்துக்கோ'ன்னு கையத் தூக்கற மாதிரி ஒரு சிக்னல். அவரு அவரோட தாளத்துல தூக்குவாரு. நான் என் தாளம் அடிக்கும்போதுதான் நிமிந்து பாப்பேன். நான் நிமிர்ற அதே நேரம் அவரு கை பாதி வழியில மேல போயிட்டிருக்குன்னு வைங்க. தூக்கினாரா, தூக்கலயா? சொல்ல முடியாதுக்கா. சிக்னலு ஒண்ணுன்னும் இல்லாம சைபர்னும் இல்லாம நடுவுல நின்னு தள்ளாடும். மதில் மேல் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும்னு யாருக்கும் தெரியாது, குதிக்காம கொஞ்ச நேரம் உக்காந்தே இருந்தாலும் இருக்கும். அத அப்படியே உள்ள விட்டா ஒருத்தன் ஒண்ணும்பான், இன்னொருத்தன் சைபர்ம்பான், சிப்பு நாறிப் போயிடும். அதனால வாசல்ல ரெண்டு காவல்காரன ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா நிக்க வைப்போம். முதல் ஆளு தள்ளாடினாலும், அடுத்த அடி விழறதுக்குள்ள அனேகமா ஒரு முடிவுக்கு வந்துடுவான். ரெண்டாவது ஆளு அந்த முடிவ மட்டும்தான் பாப்பான். அவன் சொல்றதைத்தான் உள்ள இருக்கறவங்க கேக்கணும். எங்க தொழில்ல இது அரிச்சுவடி.

புரியுதாக்கா? புருவத்தத் தூக்கறீங்க. சரி, இன்னும் ஒண்ணே ஒண்ணு, அதோட விட்டுடறேன். அவரு வேகம், நான் மெதுவு. அவரு கையத் தூக்கி சட்டுனு இறக்கிட்டா, நான் நிமிந்து பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அதனால ஒரு ஒப்பந்தம். நான் 'எடுத்துக்கிட்டேன்'னு பதிலுக்குக் கை தூக்கற வரைக்கும் அவரு கைய இறக்கக் கூடாது. தூக்கின கை தூக்கினபடியே நிக்கணும். இப்ப சொல்லுங்க, வீட்டுல ஒரு 'ம்'முக்கு நிக்கத் தெரியாத மனுஷன், சிப்புல நிப்பாரா?

நான் அதைத்தான் சொன்னேன். முதல் நாள்லேருந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். தப்பு அவர் பக்கம்தான்னு.

ஃபேக்டரிலேருந்து சிப்பு வந்தன்னிக்கு ஒரே கொண்டாட்டம். கேக்கு வெட்டினோம். எங்க டெஸ்ட் பண்றவர அடுப்புக்காரர்னு கூப்பிடுவோம், சிப்ப சூட்டுப் பெட்டில வச்சு வாட்டறதும் குளிர்ப் பெட்டில வச்சு நடுங்க வைக்கறதும்தான் அவரு வேலை. அவரு வச்சு ஓட்டினாரு. ஓடுச்சு, அழகா ஓடுச்சு. மறுநாளு காலைல வந்து பாத்தா அப்படியே நின்னு போய்க் கிடக்குது. அணைச்சுப் போட்டா மறுபடி ஓடுது. எப்ப நிக்கும்? தெரியாது. ஏன் நிக்கும்? தெரியாது. ஒரு நாள் முழுக்க ஓடும், ஒரு நாள் காப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள நிக்கும். அடுப்புக்காரர் கம்பிய மாட்டி, சிக்னல் ஓடறதக் காட்டற ஸ்கோப்ப வச்சுக்கிட்டுக் கண் கொட்டாம உக்காந்தா நிக்கவே நிக்காது. டாக்டர் முன்னாடி வாயத் திறந்ததும் பல்வலி போயிடும் பாருங்க, அந்தக் கதைதான்.

சிப்பு செய்யறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கற சிமுலேஷன்ல சரியா இருக்கேன்னு எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சாரு. சிமுலேஷன்ல எல்லாரும் நல்லவங்கதான்க்கா. அதுல எந்த சிக்னலும் தள்ளாடாது, ஒண்ணுன்னா ஒண்ணு, சைபர்னா சைபர். பொண்ணு பாக்க வந்தப்ப இவரும்தான் நான் பேசினதுக்கெல்லாம் 'ம்' கொட்டினாரு.

அந்த சுவத்துக் கடிகாரத்தப் பாத்து பயந்துடாதீங்க, அது வேகமா ஓடுது. என் போன்ல நேரம் வேற. இந்த டாக்டரு ஏன்தான் அத சரி பண்ணாம வச்சிருக்காரோ. வர்றவங்க எல்லாம் லேட்டுன்னு நெனச்சு வயித்தெரிச்சல் படட்டும்னுதான் போல. உள்ள ஒரு பட்டன் இருக்கு, அவரு ஒரு ஆள முடிச்சதும் அத அழுத்தினா கதவுக்கு மேல அந்த சிவப்பு லைட்டு எரியும். அடுத்த ஆளு உள்ள போனதும் அணைச்சுடுவாரு. அதப் பாத்து ஆளக் கூப்பிட ரெண்டு பேரு. கவுண்டர்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டற பொண்ணு ஒண்ணு, கதவுகிட்ட தட்டு துடைக்கற நர்ஸம்மா ஒண்ணு. ரெண்டு பேரும் சும்மாகூட ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறதே இல்ல, கவனிச்சீங்களா? சண்டை போல. எனக்கு முன்னாடி இன்னும் அந்தத் தொப்பிக்காரர் ஒருத்தர்தான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், மீட்டிங்கு. எங்க மேனேஜர நாங்க பெரியவர்னு சொல்வோம். வயசுல சின்னவருதான், பேச்சுதான் பெருசு. அவரு சொல்லிட்டாரு: இந்த ஹேங்கு யார் பக்கம்னு இன்னிக்கு மத்தியானம் முடிவு. அது யார் பக்கம் இல்லையோ, அவங்கதான் அடுத்த சிப்புக்குத் தலைமை. ரெண்டே பேருதான் போட்டி. இவரும் நானும். பாருங்க அக்கா, வேற ஆளே கிடைக்கல அவருக்கு.

அந்தத் தலைமை எனக்கு வேணும்க்கா. வெக்கத்த விட்டுச் சொல்றேன், வேணும். பொண்ணு பொறந்தப்ப நான் வேலைய விட்டேன். அவரு விடல, நான்தான் விட்டேன். திரும்பி வந்தப்ப, என்கிட்ட உக்காந்து வேலை கத்துக்கிட்டவங்க எல்லாம் என் வேலைய சரி பாக்கற இடத்துல இருந்தாங்க. 'வாங்க மேடம், வாங்க மேடம்'னு மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நான் எழுதினத அவங்க திருத்தி அனுப்புவாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப நெனச்சுப் பாத்தா அப்பவே ஆரம்பிச்சிருக்கு இந்த விரிசல். இவருக்கு அந்த மாதிரி ஒரு நாளும் இல்ல. அதனால இந்தத் தலைமை எனக்கு வரணும்னு நான் நெனைக்கறதுல என்ன தப்பு?

மீட்டிங்குக்கு மீட்டிங் எழுந்து சொன்னேன், அவரு கைய சீக்கிரம் இறக்கறாருன்னு. பெரியவருக்கும் அது மனசுல பட்டுடுச்சு. பத்து பேர் முன்னாடி எங்க வீட்டுக்காரர் மூஞ்சி சுண்டிப் போச்சு. அன்னிலேருந்து வீட்டுல சரியான பேச்சே கிடையாது. பேசினாலும் எண்ணி வச்ச மாதிரி. அதுக்கும் முன்னாடியே எங்க வீட்டுல ஒரு சட்டம் உண்டு, ஆபீஸ் விஷயம் வாசப்படி தாண்டி உள்ள வரக் கூடாதுன்னு. நான் போட்டதுதான். பொண்ணோட ஸ்கூல்ல டீச்சர் முன்னாடி உக்காந்துகிட்டு ரெண்டு பேரும் டைமிங் பத்தி சண்டை போட்டோம்க்கா, அந்த டீச்சரம்மா நாங்க பொண்ணு லேட்டா வர்றதப் பத்திப் பேசறோம்னு நெனச்சு, 'பரவால்ல, பரவால்ல'ன்னு சமாதானம் பண்ணிச்சு. அதுக்கப்புறம்தான் சட்டம். ஆபீஸ்ல? ஆபீஸ்ல மெயில்தான். பக்கத்து பக்கத்து வரிசைல உக்காந்துகிட்டு, 'மதிப்பிற்குரிய'ன்னு ஆரம்பிக்காத குறை.

நேத்துகூட சாப்பிடும்போது ஏதோ வாயத் திறந்தாரு. 'உன் பக்கத்துல அந்தத் தூரத்து மூலைல...'ன்னு ஆரம்பிச்சாரு. தட்டு நகத்தி வச்சேன் பாருங்க ஒரு சத்தத்தோட. சாப்பிடற இடத்துல ஆபீஸா? அப்படியே நிறுத்திட்டாரு. நிறுத்திட்டு ஒரு மாதிரி பாத்தாரு. அந்தப் பார்வை இருக்கே, அதைப் பத்தி நான் ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

அவரு சொல்ல வந்தது என்னன்னு எனக்குத் தெரியாதா? அந்தத் தூரத்து மூலை ஒரு தனிக் கதை. சிப்புக்குள்ள எது எங்க உக்காரணும்னு வரையற லேஅவுட்காரரு ஒருத்தரு, இன்ச்டேப்புன்னு பேரு வச்சிருக்கோம், கம்பி எவ்வளவு நீளம், கம்பி எவ்வளவு நீளம்னு அதே பேச்சுதான் அவருக்கு. என் பகுதி இந்த மூலைலேருந்து அந்த மூலை வரைக்கும் நீண்டு கிடக்கும். இந்த மூலைலதான் எங்க வீட்டுக்காரர் சிக்னல் வாசல்ல வருது, காவல்காரங்க இங்கதான். ஆனா டேட்டாவ எண்ணி வைக்கற ஆளு அந்த மூலைல உக்காந்திருக்கான். அவனுக்கும் அந்த சேதி வேணும். இங்கேருந்து அங்க கம்பி இழுத்தா ரொம்ப நீளம், சரிப்படாதுன்னு இன்ச்டேப்பு ஒத்தக் கால்ல நின்னாரு. நான் யோசிச்சுப் பாத்தேன். எதுக்கு இந்தச் சண்டை? எங்க வீட்டுக்காரர் சிக்னல் வர்ற வழியில அந்த மூலைக்கும் ஒரு கிளை போகுது. அங்கயும் ரெண்டு காவல்காரன நிக்க வச்சுட்டா ஆச்சு. அந்த மூலை ஆளு அங்கயே கேட்டுக்கட்டும், இந்த மூலை ஆளு இங்கயே கேட்டுக்கட்டும். இன்ச்டேப்பு அன்னிக்கு எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு, சந்தோஷத்துல. சரி பாக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு உண்டு, அது மட்டும் மஞ்சள் கலர்ல ஏதோ முணுமுணுன்னுச்சு. அது எதுக்குத்தான் முணுமுணுக்கல. ஆயிரக்கணக்குல மஞ்சள் வரும், பாத்துப் பாத்து ஒதுக்கறதுதான் பாதி வேலை. சிவப்பா இருந்தாத்தான் பயப்படணும். காவல் இல்லாத வாசலா அது? முறைப்படி காவல் போட்ட வாசல். ஒதுக்கிட்டேன்.

அட, லைட்டு எரியுது. தொப்பிக்காரரக் கூப்பிடப் போறாங்க, அடுத்தது நான்தான். நீங்க இருப்பீங்கல்ல? இருங்க, ஊசி போடறதுக்கு முன்னாடி மீதியையும்... என்னது அது? நர்ஸம்மா 'வாங்க வாங்க'ன்னு கதவத் திறந்து பிடிச்சிட்டு நிக்குது, கவுண்டர்ப் பொண்ணு, 'சார், இன்னும் கூப்பிடல, உக்காருங்க'ங்குது. பாவம் அந்த மனுஷன், ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. எந்தப் பேச்சக் கேப்பாரு? இந்தப் பக்கம் திரும்பறாரு, அந்தப் பக்கம் திரும்பறாரு. வாசப்படியிலயே நின்னுட்டாரு பாருங்க.

அந்தப் பொண்ணு மேல தப்பு சொல்ல முடியாதுக்கா. நான் பாத்துட்டேதான் இருந்தேன். நர்ஸம்மா தட்டு துடைச்சு வச்சுட்டு நிமிந்துச்சு, லைட்டு எரியறதப் பாத்துடுச்சு. இந்தப் பொண்ணு அதுக்கு ஒரு கணம் முன்னாடி நிமிந்து பாத்துட்டுக் குனிஞ்சுடுச்சு. அப்ப எரியல. அது திரும்ப நிமிர்ற வரைக்கும் அதுக்கு லைட்டு எரியவே இல்ல. ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க. ஒரே லைட்டுதான். ஆளாளுக்குத் தனித்தனியா நிமிந்து பாத்தா, ஒருத்தர் முன்ன, ஒருத்தர் பின்ன...

...

இருங்க.

ஒரு நிமிஷம் இருங்கக்கா.

இந்த மூலைல ரெண்டு காவல்காரன். அந்த மூலைல ரெண்டு காவல்காரன். ஒரே சிக்னல். இங்க ஒருத்தன் தள்ளாடி ஒண்ணுங்கற பக்கம் விழறான். அங்க ஒருத்தன் தள்ளாடி சைபர்ங்கற பக்கம் விழறான். அடுத்த அடில அவனும் ஒண்ணுக்கு வந்துடுவான், ஆனா அந்த ஒரு அடி... அந்த ஒரு அடிக்கு இங்க இருக்கறவன் 'டேட்டா வந்துடுச்சு'ங்கறான், அங்க இருக்கறவன் 'இன்னும் வரல'ங்கறான். இவன் எடுத்துடறான், அவன் எண்ணல. அப்புறம் இவன் அவனுக்காகக் காத்திருப்பான், அவன் இவனுக்காகக் காத்திருப்பான். அணைச்சுப் போட்டாத்தான் உண்டு.

ஐயோ அக்கா.

அவரு கை இறக்கவே இல்லக்கா. தூக்கின கை தூக்கினபடியேதான் நின்னிருக்கு. காவல்காரன் ரெண்டு பேரு இருந்தா போதும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறவ நான், வாசல் ஒண்ணுதான் இருக்கணும்கறத விட்டுட்டேன். ஒரு இடத்துல வாங்கி, அங்கேருந்து எல்லாருக்கும் சொல்லணும். கம்பி நீளமாயிருந்தா நடுவுல ஒரு ஆளப் போட்டுக் கைமாத்தி விட்டிருக்கலாம், ஒரு அடி தாமதம், அவ்வளவுதான். எனக்கு இது தெரியாதா? தெரியும். நான் சிப்பையா பாத்தேன்? இவரப் பாத்துட்டிருந்தேன். வீட்டுல இப்படித்தானே இருப்பாரு, அப்ப சிப்புலயும் இப்படித்தான் இருப்பாருன்னு, அந்த மனுஷனையே நோண்டிட்டிருந்தேன்.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க.

யாருக்கும் தெரியாது. பெரியவருக்குத் தெரியாது, அவருக்குப் படம் கலரா இருந்தா போதும். அடுப்புக்காரருக்குத் தெரியாது. இன்ச்டேப்பு டீயோட மறந்துட்டாரு. உங்களுக்குத் தெரியும், நீங்க வாயத் திறக்க முடியாது. மத்தியானம் நான் போய் உக்காந்தா போதும். ஒண்ணும் பேசக்கூட வேணாம், அவங்களே அவர் பக்கம்னு எழுதிடுவாங்க. அடுத்த சிப்பு எனக்கு.

அப்புறம் என்ன ஆகும்? அவரு அவர் பகுதிய மாத்துவாரு. இல்லாத தப்பத் திருத்துவாரு. மறுபடி ஃபேக்டரிக்குப் போகும், பொழுது ஓடும், பணம் ஓடும், எல்லாரும் காத்துட்டிருப்பாங்க. சிப்பு வரும், கேக்கு வெட்டுவோம், மறுநாளு காலைல நின்னு போய்க் கிடக்கும். அப்பவும் அவரத்தான் கேப்பாங்க. அவரும் உக்காந்து, எங்க சீக்கிரம் கைய இறக்கினேன், எங்க சீக்கிரம் இறக்கினேன்னு தேடிட்டே இருப்பாரு. அவரு தேட ஆரம்பிச்சா சாப்பிட மாட்டாருக்கா. நான் ஊட்டினாக்கூட பாதி சோறு தட்டுலயே இருக்கும்.

என்ன மனுஷி நான். இதையெல்லாம் யோசிச்சுட்டு உக்காந்திருக்கேன் பாருங்க. போன் எங்க... இந்தப் பைக்குள்ள போட்டா ஒண்ணும் கிடைக்காது. ஆங். கொஞ்சம் இருங்கக்கா, ஒரே நிமிஷம்.

ஹலோ... ஆமா, நான்தான்... இல்ல, இன்னும் பிடுங்கல... வலியெல்லாம் இருக்கு, அத விடுங்க. நான் சொல்றதக் கேளுங்க, கேட்டுட்டு 'ம்' சொல்லுங்க, போன வச்சுடாதீங்க. உங்க ரெடி சிக்னல் இருக்குல்ல, அத நான் ரெண்டு இடத்துல வாங்கறேன்... ஆமா, தனித்தனியா... ஆமாங்க, அந்தத் தூரத்து மூலைலதான்...

தெரியுமா? என்ன தெரியுமா?

எப்பலேருந்து?... நேத்தா?... சாப்பிடும்போது சொல்ல வந்தது அதுவா?... ம்... ம்... ஆமா, தட்ட நகத்தினேன், நான்தான் நகத்தினேன். அதுக்காக விட்டுடறதா? கதவச் சாத்திட்டுக் கத்தியிருக்கலாம்ல? காலைல பல்லு விளக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?... சட்டம் நான் போட்டதுதான், இல்லைங்கல... சரி, அப்ப மத்தியானம் என்ன பண்றதா இருந்தீங்க?...

ஸ்லைடு போட்டிருக்கீங்களா?

அடப் பாவி மனுஷா. படம் வேற வரைஞ்சுட்டீங்களா? ரெண்டு மூலையும் போட்டா?... சிவப்பு வட்டமா? என் பேரோடவா?... பத்து பேர் முன்னாடி என்னைய நிக்க வச்சு... ஆமா, நானும் பண்ணினேன். நான் பண்ணினேன், ஒத்துக்கறேன். மீட்டிங்குக்கு மீட்டிங் பண்ணினேன்... ம்... எனக்கு அழுகையா வருதுங்க, இங்க ஒரு ரூம் நிறைய ஆளுங்க உக்காந்திருக்காங்க, அழ வைக்காதீங்க... இல்ல, ஸ்லைட எடுக்க வேணாம். எடுக்காதீங்க. நல்லா வரைஞ்சிருப்பீங்க, இருக்கட்டும். பேரையும் எடுக்க வேணாம். ஆனா நீங்க பேசக் கூடாது. நான் எழுந்து சொல்றேன். என் தப்ப நான்தான் சொல்வேன், உங்க வாயால அதக் கேட்டுட்டு என்னால உக்காந்திருக்க முடியாது... அடுத்த சிப்பா? அதப் பத்தி இப்ப பேசாதீங்க... எனக்கு வேணும்தான். இப்பவும் வேணும்தான். குடுக்க மாட்டாங்க, தெரியும்... நீங்க அதுக்காக வேணாம்னெல்லாம் சொல்லிடாதீங்க, கோவம் வரும் எனக்கு. எடுத்து ஒழுங்கா பண்ணுங்க... ம். ம்ம். வைக்கட்டுமா... நீங்க முதல்ல வைங்க... சரி.

பாத்தீங்களாக்கா, ஸ்லைடு போட்டு வச்சிருக்காரு. கட்டின பொண்டாட்டிக்கு சிவப்பு வட்டம். இந்த மனுஷன நான்... அக்கா? எங்க போனாங்க? இங்கதானே உக்காந்திருந்தாங்க. ரத்தம்கூட நின்னிருக்காதே, கன்னத்துல ஐஸ் பையோடயே கிளம்பிட்டாங்க போல. பாவம், முழுசா சொல்லி முடிக்கலயே நான்.

என்னம்மா? நானா? தொப்பிக்காரர் அதுக்குள்ள முடிச்சுட்டாரா? என் பேரா கூப்பிட்டீங்க? ரெண்டு பேரும் சேந்துதான் கூப்பிட்டீங்களா, இல்ல நீங்க மட்டுமா?... சரி சரி, வர்றேன். ஒரு சந்தேகம் நர்ஸம்மா. அந்த ஊசி போட்டா எவ்வளவு நேரத்துக்கு வாய் மரத்துப் போயிருக்கும்?... சாயந்திரம் வரைக்குமா? அதுவரைக்கும் பேச முடியாதா, இல்ல பேசினா குழறுமா?... ம்ம். வலிக்குதும்மா, வலிக்காம இல்ல. உயிர் போகுது. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, பல்ல நாளைக்கு வந்து பிடுங்கிக்கறேன். இன்னிக்கு எனக்கு வாய் வேணும்.